இரண்டாவது அலாரம்

ஜைனம்பு டீச்சர் கம்ப்யூட்டர் வகுப்பைத் திறக்க வந்தபோது வாசலில் இருதயராஜ் நின்றிருந்தார். டீச்சரைவிட மிகவும் மூத்த மாணவர். இந்த வயதில் படிப்பா என்று ஊரே கிண்டல் செய்தபோதும் சிரித்துக்கொண்டே வந்து போனவர். இன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குட்டை போச்சு டீச்சர்" என்றார்.

இறால் குட்டை அவருடைய அக்கா கணவர் சூசையுடையது. விடியும் நேரத்தில் தண்ணீரில் காற்று குறைந்துவிடும். அப்போது தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரியேட்டர் சுற்றாவிட்டால் இறால் மூச்சுமுட்டிச் சாகும். அதை நேரத்துக்கு ஓடவைக்கப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் இருதயராஜ்தான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் சும்மா இருந்தாரா? நேற்று அதிலேயே தீவன மிஷினுக்கும் ஒரு வரி சேர்த்தார்.

காலையில் குட்டை முழுக்க இறால் செத்து மிதந்தது. தீவன மிஷின் மட்டும் நேரம் தவறாமல் அவற்றின் மேல் தீனி வீசிக்கொண்டிருந்தது.

"மச்சான் கரையில உட்கார்ந்தவரு எழுந்திரிக்கல. அக்கா தண்ணி குடுத்தா தட்டிவிடுறாரு. ஏன் இப்படி ஆச்சுன்னு அவருக்கு நான் பதில் சொல்லணும். தப்பு என்னோடதா, மிஷினோடதா?"

டீச்சர் புரோகிராமைத் திறந்து பார்த்தார்.

"அலாரம் வேணும்னு கம்ப்யூட்டரோட இயங்குதளத்துக்கிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க."

"ஆமா. ஏரியேட்டருக்கு ஒண்ணு, தீவனத்துக்கு ஒண்ணு."

"இப்படிக் கேட்டா ஒரு புரோகிராமுக்கு ஒரு அலாரம்தான். ரெண்டாவதைக் கேட்டதும் முதல் அலாரத்தை எடுத்துடும்."

"சொல்லாம கொள்ளாமலா? அப்ப தப்பு அதோடதுதானே!"

பழியைப் போட ஒரு தலை கிடைத்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாவம், அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. டீச்சர் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினார். திரையில் ஓர் எண் வந்தது.

"என்ன இது?"

"எடுத்த அலாரத்துல மீதி இருந்த நேரம். ரெண்டாவதைக் கேட்டப்பவே உங்க கையில குடுத்திருக்கு. நீங்க வாங்கிப் பார்க்கல."

இருதயராஜ் நாற்காலியில் சரிந்தார். பிறகு, "இதைச் சரி பண்ணிக் குடுங்க. ஒரு தடவையாவது ஒழுங்கா ஓடுறதை நான் பார்க்கணும்" என்றார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

எத்தனை டைமர் வேண்டுமானாலும் தனித்தனியே உருவாக்கிக்கொள்ளும் வேறொரு முறை இருந்தது. டீச்சர் அந்த முறையில் மாற்றி எழுதி, நேரத்தைக் குறைத்து வைத்து ஓட்டினார். இருவரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

"இந்தப் புரோகிராம் வர்றதுக்கு முன்னாடி ஏரியேட்டரை யாரு போடுவா?" டீச்சர் கேட்டார்.

"மச்சான்தான். கரையிலேயே படுத்திருப்பாரு. தண்ணி வாசனையை வெச்சே எழுந்திருச்சுடுவாரு."

"அப்புறம்?"

"வீட்டுல போய்ப் படுங்க, குட்டையை இது பார்த்துக்கும்னு நான்தான் அனுப்பினேன். முதல்ல மனசே இல்லாமத்தான் போனாரு."

சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி விழுந்தது. 'ஏரியேட்டரைப் போடு.' கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 'தீவனம் போடு.' இரண்டும் சொன்ன நேரத்தில், ஒன்றையொன்று தொடாமல் வந்தன.

இருதயராஜுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அங்க ஒண்ணுமே இல்லையே டீச்சர். எல்லாம் செத்துப்போச்சே. இப்ப போய்ப் போடுங்குதே. குட்டையைப் பார்க்கலையா அது?"

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"அது என்னைக்குமே குட்டையைப் பார்த்ததில்ல அண்ணே."