வெளிச்சுவரைத் தொடாத அடுப்பு

செங்கமலம் புகையில்லா அடுப்பு போடுகிறவள். அவளிடம் தொழில் படிக்க வந்த பழனியாண்டிக்கு அவளைவிடப் பதினைந்து வயது அதிகம். அவர் அவளை டீச்சரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒருநாள் வையாபுரி என்பவர் வீட்டுக்கு இருவரும் போனார்கள். கூப்பிட்டு அனுப்பியது அவருடைய மருமகள் சுகந்தி. புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. எட்டு மாதக் கைப்பிள்ளை அடுப்படியிலேயே தொட்டிலில் கிடந்து இருமிக்கொண்டிருந்தது. இருமி இருமி அதற்குக் குரலே மாறிப்போயிருந்தது.

கேஸ் அடுப்பும் இருந்தது. மேலே பூப்போட்ட துணி. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை.

"அது விருந்தாளி வந்தா காபி போட" என்றார் வையாபுரி. "எனக்கு விறகுல வெந்த சோறுதான் இறங்கும்."

"சரிங்கய்யா. புகை போற குழாய் வைக்க இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை போடணும்" என்றாள் செங்கமலம்.

"வெளிச்சுவத்துலயா? போன தையிலதான் பெயின்ட் அடிச்சேன். ஊரே பாக்குற சுவரு. அதுல கரி பூசவா உன்னைக் கூப்பிட்டாங்க? தளத்துலயும் கை வைக்காதே, ஒழுகும். மத்தபடி நீ என்னவோ பண்ணு."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

பழனியாண்டி மண்ணைக் கொட்டிவிட்டுக் கேட்டார்.

"டீச்சரம்மா, கூப்பிட்டது மருமக. வீடு மாமனாரோடது. நாம யார் பேச்சைக் கேக்கணும்?"

"அடுப்பு எப்படியெல்லாம் மாறி வந்துச்சுன்னு சொல்வீங்களே, சொல்லுங்க."

அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "மொதல்ல மூணு கல்லு. அப்புறம் மண் அடுப்பு. பக்கத்துல இன்னொரு கண்ணு வச்சுக் கொடியடுப்பு. உமி அடுப்பு, மரத்தூள் அடுப்பு. பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ். இப்ப கேஸு."

"ஒவ்வொண்ணையும் மாத்தணும்னு யாருக்குத் தோணியிருக்கும்? சாப்பிட்டவங்களுக்கா?"

அவர் சிரித்தார். "சாப்பிடுறவனுக்கு அடுப்பு எப்படி இருந்தா என்ன?"

"மண்ணைக் குழைங்கண்ணே."

மூன்று நாளில் அடுப்பு காய்ந்தது. நான்காம் நாள் காலையில் செங்கமலம் உளியை எடுத்தாள். வெளிச்சுவர்ப் பக்கம் போகவில்லை. உள்சுவரில் வைத்தாள். அந்தச் சுவருக்கு அப்பால்தான் கூடம். வையாபுரியின் சாய்வு நாற்காலியும் டிவியும் அங்கேதான்.

பழனியாண்டிக்குக் கை நின்றுவிட்டது. "டீச்சரம்மா, இது கூடத்துக்குல்ல போகும்!"

"ஆமா. வெளிச்சுவரு வேண்டாம், தளம் வேண்டாம்னார். இதைச் சொல்லலையே."

பிறகு சுகந்தியைப் பார்த்துச் சொன்னாள். "எங்களுக்கென்ன, நாங்க போயிடுவோம். திட்டு உனக்குத்தான் விழும். வேண்டாம்னா இப்பவே சொல்லிரு."

சுகந்தி தொட்டிலைப் பார்த்தாள்.

"இப்ப மட்டும் என்ன, எனக்குப் பாட்டா பாடுறாங்க? போடுங்கக்கா."

ஓட்டை விழுந்தது. குழாயும் ஏறியது. வையாபுரி டீக்கடையிலிருந்து வந்து, எதையும் கவனிக்காமல், சாய்வு நாற்காலியில் சாய்ந்து செய்தியைப் போட்டார்.

சுகந்தி உலை வைத்தாள். மழையில் நனைந்த விறகு. தயக்கமாகத்தான் தீக்குச்சியைக் கிழித்தாள். ஆனால் குழாய் இழுத்த இழுப்பில் ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது.

அடுப்படியில் புகை இல்லை. சுவர்கள் தெரிந்தன. மேலே பல்லி ஓடுவதுகூடத் தெரிந்தது. பிள்ளை இருமாமல் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடியது. சுகந்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் முதலில் ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் இருமல். அப்புறம் நாற்காலி சாய்கிற சத்தம். வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வையாபுரி ஓடி வந்தார். கண்ணிரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன.

"அடிப்பாவிகளா! மனுசன் உக்கார முடியல! அணைடி அதை!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுகந்தி அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. இன்றும் குரல் உயரவில்லை. இன்னொரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.

"சோறு இன்னும் வேகல மாமா. விறகுல வெந்தாத்தானே உங்களுக்கு இறங்கும்."

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையில் கடப்பாரை தயாராக இருந்தது. வெளிச்சுவர் மூன்றடி தள்ளித்தான் இருந்தது.

வையாபுரி செங்கமலத்திடம் திரும்பினார். "என்ன வேலை பண்ணி வச்சிருக்கே நீ? இம்புட்டுப் புகை எங்கேருந்து வந்துச்சு?"

செங்கமலம் கையிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எங்கேருந்தும் வரலீங்கய்யா. உங்க வீட்டுப் புகைதான். நேத்து வரைக்கும் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு."