அரிசிப் பானைக்குள் ஒரு பாட்டு

ஊரில் புத்திசாலிகளை எண்ணிப் பார்க்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் மூன்று வீடு ஏறி இறங்க வேண்டியதில்லை. லூர்து, சூசை, மிக்கேல் என்று அண்ணன் தம்பி மூவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்களே, அந்த ரகம்.

இவர்களுடைய பெரியப்பா மகள் ஜெசிந்தா பாட்டுக்காரி. தானே எழுதி, தானே பாடி, தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறவள். ஆழம் தெரியாமல் காலை விட்டு, தளத்தைச் சீர்படுத்தும் வேலையை இவர்களிடம் கொடுத்துவிட்டு ஒரு கல்யாணக் கச்சேரிக்கு நாகர்கோவில் போனாள்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் புதுப்பாட்டைப் போடுங்கலே. காலேஜ் விழாவுக்குப் பாட ஆள் எடுக்கிற குழு அப்பதான் கேக்கும். அதுவரைக்கும் யார் காதுலயும் விழக்கூடாது. முன்னாடியே வெளிய வந்த பாட்டுன்னா எடுக்க மாட்டாங்க. இது போச்சுன்னா எனக்கு மேடையே கிடையாது. அப்புறம், போன்ல பாத்தா என் படம் பாதிதான் தெரியுது. அதையும் பாருங்க."

பார்த்தார்கள். பாதி தெரிந்தது. தளத்தின் உச்சியில், 'இரண்டு போன்களை ஒட்டி வைத்துப் பார்க்கவும்' என்று எழுதிப் போட்டார்கள்.

அடுத்து பாட்டு ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஆனால் யாரும் கேட்கக்கூடாது.

"நாமளும் யாராவதுதானலே?" என்றான் லூர்து.

ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஜெசிந்தா பாட்டை அனுப்பியிருந்த போனை ஓடவிட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து மூடினார்கள். மூவரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். சத்தம் வெளியே கசிகிறதா என்று தெரியவேண்டுமே, அதற்காக மூடிமேல் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்தார்கள். காதில் பஞ்சு இருந்ததால் பேச்செல்லாம் கத்தல்தான்.

"கசியுதாண்ணே?"

"என்னது?"

"கசியுதான்னு கேட்டேன்!"

"பசிக்குன்னா சோறு தின்னுலே! பானையைத் தொடாத!"

பதிவு முடிந்தது. ஆனால் அதைக் கேட்டுப் பார்க்க முடியாது. பாட்டு கசிந்திருந்தால் அதிலும் பாட்டு இருக்குமே! அதனால் அதையும் பாட்டோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் பத்திரமாக ஏற்றினார்கள். ஏற்றிய பிறகுதான் இரண்டில் எது பாட்டு என்ற சந்தேகம் வந்தது.

"அக்கா மாசக்கணக்கா பாடுபட்டா. நாம உக்காந்தது கொஞ்ச நேரம். நீளமா இருக்கிறதுதான் பாட்டு" என்று மிக்கேல் தீர்ப்புச் சொன்னான். இவ்வளவு அறிவை வீட்டிலேயே வைத்திருந்தோமே என்று அண்ணன்மார் பூரித்துப்போனார்கள். நீளமானது தளத்தில் ஏறியது. பாட்டு இருந்த போன் பத்திரமாக மறுபடி பானைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் குழுவினர் அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு இரண்டு போன்களை ஒட்டி வைத்தார்கள். இரண்டிலும் பாட்டைத் தட்டினார்கள். 'பானையைத் தொடாத' என்பது இரட்டைக் குரலில் அரங்கத்தை அதிரவைத்தது.

ஜெசிந்தா நாகர்கோவிலிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது குழுத் தலைவர் போனில் அழைத்தார்.

"மேடம், சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. ஆனா பாட்டு எங்க? பத்து நிமிஷத்துக்குள்ள அனுப்புனா உங்களையும் சேத்துக்கறோம்."

அவளுக்கு உயிரே போய்விட்டது. போனைத் துண்டிக்கக்கூட மறந்து, "என் பாட்டு எங்கலே?" என்று அலறினாள். மூவரும் பெருமையாகப் பானையைக் காட்டினார்கள். அவள் பாய்ந்தாள். லூர்து குறுக்கே விழுந்தான்.

"தொடாதக்கா! இன்னைக்கு ஆறு மணி தாண்டிருச்சு. இனி அடுத்த வெள்ளிதான்!"

"தள்ளுலே, மூதேவி!"

"சூசை, பஞ்சை எடு! அக்கா காதை அடை!"

பானை உருண்டது, அரிசி கொட்டியது, நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். கீழே கிடந்த போனிலிருந்து கைதட்டல் கேட்டது.

"முதல் பாட்டைவிட இது பிரமாதம் மேடம்!" என்றார் தலைவர். "நாலு பேரும் வந்துருங்க. பானையையும் கொண்டாங்க."

ஜெசிந்தா அரிசிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். சூசைக்கு மனசு கேட்கவில்லை. அவள் காதிலிருந்த பஞ்சை மெதுவாக எடுத்துவிட்டு ஆறுதல் சொன்னான்.

"அழாதக்கா. உன் பாட்டு இன்னும் ஒருத்தர் காதுலயும் விழல."