சராசரிக் கதவு

சர்ர்… சர்ர்… டொக்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. துறைமுகக் கரையில் பாறைகளைக் கொட்டிக் கட்டிய தடுப்புச் சுவர். அதன் அடியில் ஒரு வளை. வளைக்குள் பிலோமி என்ற சுண்டெலி தன் மூன்று குஞ்சுகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதைத் தீட்டினாள்.

சர்ர்… சர்ர்… டொக்.

பாம்பாக இருக்குமோ? பாம்புக்கு நகம் கிடையாது. பூனையாக இருக்குமோ? பூனை இப்படிச் சொல்லிக்கொண்டு வராது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தும் பயம் மட்டும் போகவில்லை. புருஷன் சரக்குக் கப்பலில் ஏறிப் போய் மாசக்கணக்கு ஆகிறது. வளைக்கோ கதவு இல்லை. அதனால் பிலோமியே போய் வாசலில் கதவு மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்து பார்த்தால் யாரும் வந்த அடையாளம் இல்லை. ஆனால் வளை குறைந்திருந்தது. நேற்று மூன்று குஞ்சும் காலை நீட்டிப் படுத்த இடத்தில், இன்று கடைக்குட்டி மற்ற இரண்டின் முதுகில் கிடந்தது.

"அம்மா, நாங்க வளந்துட்டோமா?" என்றது கடைக்குட்டி.

"ஒரே ராத்திரியிலயா? பேசாமப் படு."

பொழுது ஏறியதும் வீட்டுக்காரப் பெருச்சாளி வந்தார். கூடவே தரகர் காகம். அந்தக் கரையிலுள்ள வளை எல்லாம் பெருச்சாளி தோண்டியவை. அதை அவர் சொல்லிக் காட்டாத நாளே கிடையாது.

"அண்ணாச்சி, அந்தக் கதவு…" என்று ஆரம்பித்தாள் பிலோமி.

"வச்சிரலாம் தங்கச்சி." பங்குனியிலிருந்து இதையேதான் சொல்கிறார். "நான் வந்தது வேற விஷயம். அடுத்த பௌர்ணமியில இருந்து வாடகை அஞ்சு மீனு."

பிலோமிக்கு வால் நுனி வரை ஜில்லென்றது. "ஒரு மீனுதான அண்ணாச்சி குடுத்துட்டு இருக்கேன்?"

"நானா கேக்கேன்? சராசரி கேக்குது. எடுத்துச் சொல்லுடே" என்று காகத்தைப் பார்த்தார்.

காகம் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. "இந்தக் கரையில எல்லாரும் ஒரு மீனு குடுக்காவ மதினி. அங்க கலங்கரை விளக்கத்து உச்சியில கடற்பருந்து ஒம்பது மீனு குடுக்காரு. ஒண்ணும் ஒம்பதும் பத்து. ரெண்டால வகுத்தா அஞ்சு. அதான் நம்ம ஊர் சராசரி வாடகை."

"அப்போ அஞ்சு மீனு குடுக்கிறது யாரு?"

"யாருமில்ல. சராசரின்னா அப்படித்தான்."

"ஏன், ஆளா கிடைக்கல?" என்றார் பெருச்சாளி. "கதவு வச்ச வளை ஒண்ணு இருக்குல்லா, நான் குடியிருந்தது? அதையே ஒரு மரநாய் ஏழு மீனுக்கு எடுத்துக்கிட்டாரு. பத்து மாச அட்வான்ஸ். நேத்து சாயங்காலம் பால் காய்ச்சியாச்சு."

"அப்போ நீங்க எங்க படுக்கீங்க?"

பெருச்சாளி இருமினார். "பக்கத்துலதான்… ஒரு ஒதுக்குப்புறமா."

அவர் முன்னங்கால் நகத்தில் ஈரமணல் ஒட்டியிருந்தது. பிலோமி அதைப் பார்த்தாள். வளைக்கு ஒரு பக்கத்துச் சுவராக நின்ற பழைய படகுப் பலகையையும் பார்த்தாள். சர்ர் என்றால் பலகைக்கு அடியில் மணலைச் சுரண்டுவது. டொக் என்றால் தோளைக் கொடுத்து அதை இந்தப் பக்கம் தள்ளுவது. தன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அவள் வீட்டை நறுக்கித் தனக்கு ஒரு படுக்கை போட்டுக்கொள்கிறார் மனுஷன்!

பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்த உடனே திரும்பவும் பயம் வந்தது. இவள் கேட்கப் போய், 'காலி பண்ணு' என்று அவர் சொல்லிவிட்டால் மூன்று குஞ்சுகளோடு எங்கே போவது?

அன்றைக்கே காகத்தைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனாள்.

முதலில் ஒரு காலி பெயிண்ட் டப்பா. "கடல் பாத்த வீடு மதினி" என்றது காகம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அடுத்தது ஒற்றைச் செருப்பு. நல்ல காற்றோட்டம். முன்னாலும் பின்னாலும் திறந்தே கிடந்தது.

மூன்றாவது, தாழம்புதருக்கு அடியில் அருமையான ஒரு பொந்து. அதன் சொந்தக்காரர் கொக்கு, வாயிலிருந்த சாளை மீனை விழுங்கி முடித்துவிட்டுக் கேட்டார். "நாங்க சைவக் குடும்பத்துக்கு மட்டுந்தான் குடுக்கிறது. நீங்க?"

திரும்பி வரும் வழியில் மீன் ஏலக் கொட்டகைக் கூரையில் கடுவன் பூனை உட்கார்ந்திருந்தது. அது யாரையும் துரத்தவில்லை. கரையில் எந்த வளைக்குக் கதவு இருக்கிறது, எதற்கு இல்லை என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி பிலோமிக்குத் தூக்கம் போனது.

தூங்காமல் கிடந்தவளுக்குக் கணக்கு ஓடியது. பிலோமி பிறந்து வளர்ந்தது ஒரு கான்வென்ட் பள்ளியின் கரும்பலகைக்குப் பின்னால். கணக்கு சிஸ்டர் முன்பக்கம் போட்டதை எல்லாம் பின்பக்கமிருந்து கேட்டே படித்தவள். பலகைக்கு அந்தப் பக்கம் சர்ர், டொக் என்று வேலை நடந்துகொண்டிருக்க, இவள் கூட்டினாள், வகுத்தாள். விடை வந்ததும் அப்படியே எழுந்து உட்கார்ந்தாள்.

காலையில் வாடகை விஷயம் பேசக் குடித்தனக்காரர்கள் எல்லாம் பாறை மேல் கூடியிருந்தார்கள். குழிநண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. ஓணான் எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பெருச்சாளி.

"அண்ணாச்சி" என்றாள் பிலோமி. "சராசரி எல்லாத்துக்கும் உண்டுல்லா?"

"பின்னே? ஊருக்கெல்லாம் ஒரே சராசரிதான்."

"கலங்கரை விளக்கத்துல எத்தனை கதவு?"

"ரெண்டு" என்றது காகம், தெரிந்ததைச் சொல்லும் பெருமையில். "கீழ ஒண்ணு, உச்சியில ஒண்ணு."

"எங்க வளையில?"

"கிடையாது."

"ரெண்டும் சைபரும் ரெண்டு. ரெண்டால வகுத்தா ஒண்ணு. அப்போ ஆளுக்கு ஒரு கதவு சராசரி. வாடகைக்கு இருக்கிற சராசரி கதவுக்கு இல்லையா?"

ஓணான் வேகமாகத் தலையாட்டியது. முதல் தடவையாக அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. "கதவு வச்சுட்டு அஞ்சு மீனு கேளும்" என்றது குழிநண்டு.

பெருச்சாளி காகத்தை முறைத்தார். காகம் கடலைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் உடைந்த மீன் பெட்டிகளை இழுத்து வந்து, சாயங்காலத்துக்குள் எல்லா வளைக்கும் ஒவ்வொரு கதவு வைத்தார். தாழ்ப்பாளுக்குத் துருப்பிடித்த படகு ஆணி.

பிலோமி ஆசையாய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். உள்ளே தடவினாள். தாழ்ப்பாள் இல்லை. வெளியே போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தது.

"அண்ணாச்சி, தாழ்ப்பாள் வெளிய இருக்கே?"

"வாடகை பாக்கி வச்சா வெளிய பூட்டிட்டுப் போக வசதியா இருக்கணும்லா? கதவுதான் கேட்ட தங்கச்சி. தாழ்ப்பாளுக்கு எந்தப் பக்கம்னு சராசரி எடுத்தியா?" பெருச்சாளி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே போனார்.

அன்று இரவு கதவைச் சாத்தி, முதுகை அதில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள் பிலோமி. சர்ர், டொக் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. அடுத்து, காதுக்கு எட்டாத ஓர் அதிர்வை அவள் உணர்ந்தாள். மணலில் மெத்து மெத்தென்று யாரோ நடக்கிறார்கள்.

திடீரென்று கதவு அதிர்ந்தது.

"தங்கச்சி, கதவைத் திற. பூனை வருது. என் ஒதுக்குப்புறத்துக்குக் கதவு கிடையாது."

"உங்க பழைய வளைக்குப் போறதுதான?"

"தட்டிப் பாத்துட்டேன். வாடகை குடுக்கிற இடத்துல வெளியாளைச் சேக்க மாட்டேன்னுட்டாரு மரநாய்."

விலகினால் அவரோடு பூனையும் நுழையலாம். விலகாவிட்டால் பூனை முதலில் அவரைத் தின்னும். அப்புறம் உள்ளே தாழில்லாத இந்தக் கதவை ஒரு தட்டுத் தட்டும். எதிரே மூன்று குஞ்சுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"அட்வான்ஸ் வேணும் அண்ணாச்சி."

"என்ன வேணும்னாலும் தாரேன். சொல்லு."

"வாடகை பழையபடி ஒரு மீனு. அப்புறம் அந்தத் தாழ்ப்பாளைப் பிடுங்கிக் கையோட கொண்டுவாங்க."

படகு ஆணி பல்லில் கடிபட்டு 'கிரீச்' என்று கழன்றது. பிலோமி விலகினாள். பெருச்சாளியின் தலை வந்தது. தோள் வந்தது. வயிறு வரவில்லை.

"யாரு தங்கச்சி இந்த ரூமை இவ்வளவு ஒடுக்கமா வச்சது?" என்று ஆணியைக் கடித்தபடியே முனகினார்.

"நீங்கதான்."

கடைக்குட்டி தலையை நீட்டி, "அம்மா, மாமாவும் ஒரே ராத்திரியில வளந்துட்டாரா?" என்று கேட்டது.

பூனையின் மூச்சு அவர் வாலில் பட்டிருக்க வேண்டும். ஆணியைத் துப்பிவிட்டு, நகமெல்லாம் தேய, படகுப் பலகைக்கு அடியில் சுரண்டினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். சர்ர், சர்ர், டொக். அதே சத்தம்தான்; இந்தத் தடவை பலகை மறுபக்கம் நகர்ந்தது. இன்னொரு டொக். பழைய இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. வயிறு உள்ளே வந்தது. வால் கடைசியாய் வந்தது, நுனி மட்டும் கொஞ்சம் குறைவாக.

பிலோமி கதவை அறைந்து சாத்தினாள். பாறையின் இந்தப் பக்கத்துப் பிளவிலிருந்து அந்தப் பக்கத்துப் பிளவுக்கு, கதவின் குறுக்கே, படகு ஆணியைச் செருகினாள். வெளியே பூனை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது தட்டும் தட்டியது. கதவு அசையவில்லை, அது முதன்முதலாக உள்பக்கம் தாழிடப்பட்டிருந்தது.

அடுத்தவர் தங்கும் இடத்தைச் சுருக்குகிறவன், தனக்கு ஓர் இடம் தேவைப்படும் நாளில் அந்தச் சுருக்கத்துக்குள்தான் நுழைய வேண்டியிருக்கும்.