ஆழங்கரை மதகும் அரசர் பெயர் வெட்டிய கல்லும்

முன்னொரு காலத்தில், தம் பெயரைக் கல்லில் வெட்டிப் பார்ப்பதில் தீராத ஆசை கொண்ட அரசர் ஒருவர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் சொல்வேன், பிறகு எனக்குத்தான் வம்பு.

அந்த நாட்டில் குளம் வெட்டினாலும் பாலம் கட்டினாலும், வேலை முடிந்ததும் அரசர் பெயரால் ஒரு கல் நடவேண்டும். கல் நட்ட இடத்தில் வேலை முடிந்துவிட்டதாகச் சபை ஏற்கும். வேலை முடிந்த ஊர் வரி கட்டும். வழக்கம் என்னவோ நல்ல வழக்கம்தான். ஆனால் கல்தச்சனுக்கு ஒரு கல்லை வெட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும். கல் நடும் நல்ல நாளோ தச்சனுக்காகக் காத்திருக்காது. ஆகவே கருவூலத் தலைவர் மாறவேள் ஓர் ஏற்பாடு செய்தார். ஆண்டுத் திட்டத்தில் வேலையின் பெயர் ஏறிய அன்றே கல்லையும் வெட்டிவிடுவது. முதலில் கல் போகும், பின்னால் கொத்தனார் போவார். நாளடைவில் கல் மட்டும் போனது. கொத்தனாருக்கு ஒதுக்கிய பொன் எங்கே போனது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மாறவேளின் வீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒரு மாடி ஏறியது.

அரசவையில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் உறுப்பினர் உண்டு. ஆழங்கரை ஊரார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கியபோது வந்த பெயர் அம்பலக்கூத்தன். உழவன், ஊரிலேயே வாய் நீண்டவன். அவன் பேச்சு அரசருக்குச் சிரிப்பு மூட்டியது. அதனாலேயே மற்ற உறுப்பினர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. மாறவேளுக்கு அறவே ஆகாது.

அந்த ஆண்டு திட்டம் வாசிக்கும் நாளில் மாறவேள் ஓலையை விரித்தார்.

"ஆழங்கரை ஏரியின் மதகு அரசர் பெருமானின் அருளால் செம்மை செய்யப்பட்டது. கல்லும் நடப்பட்டது. ஆகவே அவ்வூரின் நீர்வரி இவ்வாண்டு முதல் இரட்டிப்பாகிறது."

அம்பலக்கூத்தன் எழுந்தான். "அரசே, எங்கள் மதகை ஒட்டிய கரை சென்ற மழையில் சரிந்தது. இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. வைக்கோலையும் களிமண்ணையும் அடைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரு பெருமழை வந்தால் ஏரி ஊருக்குள் வரும். இல்லாத வேலைக்கு வரி கட்டமாட்டோம்."

மாறவேள் இதற்காகவே காத்திருந்தவர்போலப் புன்னகைத்தார்.

"உறுப்பினர் சொல்வதை அவை கவனிக்க வேண்டுகிறேன். மதகு செம்மையாக இருக்கிறது என்று அரசர் பெயரால் கல் சொல்கிறது. அப்படியானால் அரசரின் கல் பொய் சொல்கிறது என்கிறாரா?"

அரசரின் கல்லைப் பொய் என்று சொன்னவனுக்கு நாவை அறுப்பது அந்த நாட்டுச் சட்டம். அரசரின் முகம் சிவந்திருந்தது. அம்பலக்கூத்தன் ஒரு நொடி யோசித்தான். அவனுக்கு அந்த நாக்கு ஒன்றுதான் சொத்து.

"கல் பொய் சொல்லாது, அரசே. நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை போலும். ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்."

"ஒரு மாதம் தருகிறேன்," என்றார் அரசர். "நானே வந்து பார்ப்பேன். கல் சொன்னபடி மதகு இருக்கவேண்டும். இல்லை என்று நீ சொன்னால் நாக்கு போகும். இருக்கிறது என்றால் இரட்டை வரியை அங்கேயே எண்ணி வைக்கவேண்டும்."

எப்படிப் பார்த்தாலும் சுருக்கு இறுகத்தான் போகிறது என்று மாறவேள் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனார்.

அம்பலக்கூத்தன் ஊர் வந்து சேர்ந்தபோது வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஊரே ஏரிக்கரையில் நின்றது. மடையைக் காவல் காக்கும் சாத்தன் இடுப்பளவு நீரில் நின்று வைக்கோல் புரியைத் திணித்துக்கொண்டிருந்தான். திணிக்கத் திணிக்க அது பிய்த்துக்கொண்டு போனது. உடைப்பு ஓர் ஆள் படுக்கும் அகலம் இருந்தது. பக்கத்தில், கரைமேல், மழைத்துளி பட்டுப் பளபளவென்று நின்றது அரசரின் கல்.

"அண்ணே, சபையில பேசினீங்களா?" என்று கேட்டாள் வெள்ளச்சி. உடைப்புக்கு நேர் கீழே இருப்பது அவள் வீடு. போன மழையில் அவளுடைய இரண்டு பசுக்கள் கட்டுத்தறியிலேயே மூழ்கிச் செத்தன.

"பேசினேன். நாக்க அறுக்கறேன்னாங்க."

"உங்க நாக்குக்கு ஒரு மாசம் தவண இருக்கு. என் வீட்டுக்கு நாளைக்கு வரைக்கும்கூட இல்ல. கல்லு வந்துச்சு, கொத்தனாரு வரல. அந்தக் கல்ல வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

அம்பலக்கூத்தனுக்குத் தன் நாக்கை நினைத்துப் பயந்துகொண்டு வந்தது வெட்கமாகிவிட்டது. அவன் கல்லைப் பார்த்தான். உடைப்பைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லின் உயரத்தை அளந்தான், அகலத்தை அளந்தான். பிறகு சாத்தனுக்குப் பக்கத்தில் நீரில் இறங்கி அதே துண்டால் உடைப்பை அளந்தான்.

"சாத்தா, வடக்கயிறு எடுத்துட்டு வா."

சாத்தனுக்குப் புரிந்ததும் கையிலிருந்த புரியை விட்டுவிட்டான். "ஐயோ, அது ராசா பேரு போட்ட கல்லுங்க. தண்ணிக்குள்ள போட்டா நம்ம தல தப்புமா?"

"மதகைச் செம்ம பண்ணிட்டேன்னு அந்தக் கல்லுதான்டா சொல்லுது. நின்ன எடத்துல இருந்தே எப்படிப் பண்ணும்? பண்ண வேண்டிய எடத்துக்குக் கொண்டுபோய் விடுவோம். தல போனா என் தல. நான் உங்க உறுப்பினரு, அதுக்குத்தான் குடத்துல என் ஓலைய எடுத்தீங்க."

முதலில் கயிற்றைப் பிடித்தவள் வெள்ளச்சி. பிறகு யாரும் யோசிக்கவில்லை. அறுபது பேர் இழுத்தார்கள். கல் அசைந்தது, சாய்ந்தது, சரிவில் வழுக்கிக்கொண்டு போய் உடைப்பின் வாயில் உட்கார்ந்தது. எழுத்திருந்த பக்கம் ஏரியைப் பார்த்து அமைந்தது. இடுக்குகளில் களிமண்ணை அடித்தார்கள். அன்று மாலை தொடங்கிய மழை ஒன்பது நாள் பெய்தது. ஒன்பது நாளும் வெள்ளச்சி வீட்டுக்குள் ஒரு சொட்டு ஏரித் தண்ணீர் வரவில்லை.

செய்தி மாறவேளுக்கு எட்டியது. அவர் அரசரிடம் ஓடிப்போய்க் கண்ணீரோடு சொன்னார். மாதம் முடியும் முன்பே அரசர் யானையேறி ஆழங்கரைக்கு வந்தார். பின்னால் வாள் ஏந்திய கொலைஞன் வந்தான். மாறவேள் பல்லக்கில் வந்தார்.

"பார்த்தருள வேண்டும், பெருமானே," என்றார் மாறவேள். "தங்கள் திருப்பெயரைச் சேற்றில் அமிழ்த்திவிட்டார்கள். காவலர்களே, கல்லைப் பிடுங்குங்கள்."

"பிடுங்கட்டும்," என்றான் அம்பலக்கூத்தன். "அதற்கு முன் அரசர் யானையை மேட்டுக்கு ஓட்டச் சொல்லுங்கள். தங்கள் பல்லக்கு நிற்கும் இடத்துக்குத்தான் தண்ணீர் முதலில் வரும்."

பல்லக்குத் தூக்கிகள் யாரும் சொல்லாமலே நாலடி மேலேறி நின்றார்கள். அரசர் ஏரியைப் பார்த்தார். கரை விளிம்புவரை நீர் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது.

"என் கல்லை ஏன் தள்ளினாய்?"

"அரசே, மதகு செம்மையாக இருக்கிறது என்று தங்கள் கல் சொல்லிற்று. நான் வந்தபோது அது கரைமேல் சும்மா நின்றது. தங்கள் சொல்லைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. அதை வேலை செய்யும் இடத்தில் வைத்தோம். இப்போது அதன் ஒவ்வோர் எழுத்தும் மெய். பிடுங்கினால் மறுபடியும் பொய்யாகும். பிடுங்கச் சொல்பவர் நானல்ல, கருவூலத் தலைவர்."

அரசர் மாறவேளின் பக்கம் திரும்பினார். "இந்த மதகைக் கட்டிய கொத்தனாரின் பெயரைச் சொல்லும்."

மாறவேள் ஓலையைப் புரட்டினார். ஓலையில் அரசர் பெயர் இருந்தது, அவர் பெயர் இருந்தது, நாள் நட்சத்திரம் எல்லாம் இருந்தது. கொத்தனார் பெயர் மட்டும் இல்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வரி கொண்டுவந்தாயா?" என்று அரசர் அம்பலக்கூத்தனைக் கேட்டார். குரலில் இப்போது கோபம் இல்லை.

"இல்லை, அரசே. தரவும் மாட்டோம். இந்த ஆண்டு மதகைக் காத்தது தங்கள் கல்லும் எங்கள் தோளும்தான். கல்லுக்கு உரிய கூலியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்கு உரியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். உண்மையான கொத்தனார் வந்து கட்டி முடித்த மறுநாள் வரி வந்து சேரும். அதற்கு முன் வேண்டுமென்றால் என் நாக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்."

கொலைஞன் அரசரைப் பார்த்தான். அரசர் கையசைத்து அவனைப் பின்னே போகச் சொன்னார்.

அன்றே மாறவேளின் மாடி வீடு அரசுடைமையானது. அதை விற்ற பொன்னில் ஆழங்கரைக்குக் கொத்தனார்கள் வந்தார்கள். கரை கட்டி முடியும்வரை அந்த ஊருக்கு நீர்வரி இல்லை என்று அரசர் அங்கேயே ஆணையிட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி வெள்ளச்சியிடம் கொடுத்தான். "ரெண்டு பசு வாங்கிக்க," என்றான்.

யானை கிளம்பும் நேரத்தில் அரசருக்கு ஒரு குறை நெஞ்சில் நின்றது.

"எல்லாம் சரி, அம்பலக்கூத்தா. என் பெயர் தண்ணீருக்குள் அல்லவா போய்விட்டது? இனி அதை யார் எப்போது படிப்பார்கள்?"

"ஏரி வற்றினால் படிக்கலாம், அரசே. படிக்க நேராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி எங்கள் வேலை."

அரசர் யானைமேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஆண்ட காலம் முழுவதும் ஆழங்கரையில் ஒருவரும் அந்தப் பெயரைப் படிக்கவில்லை.