குப்பை அளந்த ராஜா

மழைக்கும் வரி போடலாமா என்று ராஜாக்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கொன்றையூரை மணிமகுடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது அவனுக்கு மத்தியானம் பிடிக்காது. குப்பையை அளப்பது மட்டும் எப்போதும் பிடிக்கும். தெருக்கூட்டுகிறவர்கள் தினமும் கோட்டை வாசலில் குப்பையைக் குவிக்க வேண்டும். ராஜா முழக்கோலோடு வருவான். பெரிய குவியலுக்கு மாலை, சின்னக் குவியலுக்கு வசவு.

சில மாதங்களாக வசவெல்லாம் வேலாத்தாளுக்குத்தான். வடக்கு வீதிகளைக் கூட்டும் பன்னிரண்டு பேருக்கு அவள் தலைவி. அரண்மனைத் தோட்டத்தில் விழுந்த தென்னை மட்டையிலிருந்து ஈர்க்குக் கிழித்து அவளே துடைப்பம் கட்டுவாள். தேய்ந்தால் கயிற்றை இறுக்குவாள். குட்டையானால் மாட்டுத் தொழுவத்துக்கு, அதற்கும் உதவாவிட்டால் அடுப்புக்கு.

மற்ற வீதிக்காரர்கள் கையில் பண்டசாலை அதிகாரி திருமேனிநாதர் கப்பலில் வரவழைத்த துடைப்பம். சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்த புல், பட்டு நூல் கட்டு. அது வந்ததிலிருந்து அவர்கள் குவியல் மூன்று மடங்காகிவிட்டது.

"பார்த்தீர்களா மகாராஜா! இந்த அம்மாளுக்குச் சோம்பல். கூட்டத்தோடு ஊரைவிட்டு அனுப்பிவிடலாம்" என்றார் திருமேனிநாதர், ஒருநாள் வாசலில் குவியல்களைக் காட்டி.

"அனுப்பிவிடு" என்றான் ராஜா.

வேலாத்தாள் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வீட்டு உலை அணைந்துவிடும். ஆனாலும் குரலை இறக்கவில்லை.

"போறோம் சாமி. என் தெருவில குப்பை இல்ல, அதான் குவியல் சின்னது."

"இல்லையா? குப்பையே இல்லாத இடத்திலும் என் துடைப்பம் குப்பை கண்டுபிடிக்கும்!" என்றார் அதிகாரி.

வேலாத்தாள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்போ கொலுமண்டபத்துல கண்டுபிடிக்கட்டும் மகாராஜா. பாதி அய்யாவுக்கு, பாதி எனக்கு. தோத்தா இன்னிக்கே கிளம்பிடறோம்."

போட்டி என்றதும் ராஜா துள்ளிக் குதித்தான். மண்டபத்தைக் கழுவித் துடைக்கச் சொன்னான். முட்டி போட்டுத் தன் வெள்ளை அங்கவஸ்திரத்தாலேயே தேய்த்துப் பார்த்தான். ஒரு தூசி ஒட்டவில்லை.

"ம், ஆரம்பியுங்கள்!"

திருமேனிநாதர் கச்சையை வரிந்து கட்டிக்கொண்டு கூட்டினார். வியர்க்க வியர்க்கக் கூட்டினார். குவியல் வளர்ந்தது. வேலாத்தாள் தன் பாதியைப் பெருக்கி முடித்து, வெறும் தரையைக் காட்டிவிட்டு ஓரமாக நின்றாள்.

ராஜா அளந்தான். "ஒன்றரை முழம்! மாலையைக் கொண்டு வா!"

"போடுங்க மகாராஜா, அவருக்கேதான். ஆனா துடைச்ச தரையில இவ்வளவு குப்பை எங்கேருந்து வந்துச்சு?"

ராஜா குவியலைப் பார்த்தான். சிவப்பு, பச்சை. அதிகாரியின் கையைப் பார்த்தான். அதில் ஒரு மொட்டைக் குச்சி. குவியலிலிருந்து ஒரு புல்லை எடுத்துக் குச்சியோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"இத்தனை நாளும் நான் அளந்தது துடைப்பத்தையா?"

ராஜா திருமேனிநாதர் பக்கம் திரும்பினான்.

"கிடங்கில் இன்னும் எத்தனை இருக்கிறது?"

"நாலாயிரம், மகாராஜா."

"எதற்கய்யா நாலாயிரம்?"

"சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று…"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வேலாத்தா, நீங்கள் யாரும் போக வேண்டாம். என்ன வேண்டும், கேள்."

"ஊருக்கு எது வாங்கினாலும் வந்த அன்னிக்கு அழகு பார்க்காதீங்க சாமி. வாங்கச் சொன்னவரே முதல்ல ஒரு மாசம் அதை வச்சு வேலை செய்யட்டும். தாங்கினா வாங்குங்க."

அப்படியே சட்டமானது. திருமேனிநாதருக்கு மட்டும் ஒரு மாசம் இல்லை, நாலாயிரமும் தீரும் வரை. கோட்டை வாசலில் தினமும் அவர் குவியல்தான் பெரிது. ராஜாவும் தவறாமல் வந்து அளந்து மாலை போட்டான். உதிர்ந்த பூவையும் அவரே கூட்டினார்.