கயிறு பிடிக்க நாலு பேர்

சிங்காரத்துக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. "வாழப் பிடிக்கலண்ணே" என்றான் தம்பி கதிரவன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து சிங்காரம் அவன் பின்னாலேயே சுற்றினான். தம்பி குளித்தால் கதவுக்கு வெளியே நின்றான். இன்று மடத்துக்கும் கூட்டிவந்து, கண்ணில் படும்படி புங்க மரத்தடியில் உட்கார வைத்திருந்தான்.

மடத்துக் குருவுக்கும் சிங்காரத்துக்கும் ஒரே வயது. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"ஒருத்தன் நம்பிச் சொன்னதை வெளிய சொன்னா துரோகம்தானே, சாமி?"

"கயித்தை எடு. கிணத்துல தூர் வாரணும்."

மடத்துக் கிணற்றில் ஒருவர் இறங்கினால் மேலே நாலு பேர் கயிறு பிடிப்பார்கள். அது அங்கே வழக்கம்.

"மத்தவங்க எங்க?"

"சாப்பிடுறாங்க. நீ போதும்."

"உங்க எடைக்கா?"

"மடத்துச் சோறு அப்படி. கல்தூண்ல ரெண்டு சுத்து சுத்தி, மெதுவா விடு. நான் கீழ இருக்கிற வரைக்கும் யாரையும் கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

கேட்டது என்ன, இந்த ஆள் செய்வது என்ன? எரிச்சலோடு அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தான் சிங்காரம்.

குரு இறங்கிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும்.

"சிங்காரம், ஊத்து திறந்துடுச்சு. கால் சேத்துல மாட்டியிருக்கு. தூக்கு."

இழுத்தான். உள்ளங்கை கிழிந்தது. ஒரு சாண் ஏறினார், இரண்டு சாண் இறங்கினார்.

"ஆளைக் கூப்பிடவா?"

"சத்தியம் பண்ணியிருக்க." குரல் நிதானமாகத்தான் வந்தது. "தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு."

 சிங்காரம் தொண்டை கிழியக் கத்தினான்.

"கதிரவா, ஓடி வாடா. பந்தியில இருக்கிறவங்க எல்லாரும் வாங்க."

முதலில் வந்து கயிற்றைப் பிடித்தது தம்பிதான். பிறகு சமையல்காரர், எச்சில் கையோடு இன்னும் இரண்டு பேர். குரு சேறும் சகதியுமாக மேலே வந்து விழுந்தார்.

"சத்தியம் என்னாச்சு?" மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அதை வச்சுக்கிட்டு உங்க பிணத்தையா தூக்கச் சொல்றீங்க? நான் ஒருத்தன் இழுத்தா வராது, சாமி. தெரிஞ்ச பிறகும் வாயை மூடிட்டு நிக்க முடியாது."

தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. பிறகு தம்பி பக்கம் திரும்பினான்.

"டேய், அண்ணிகிட்ட சொல்லப் போறேன். இன்னைக்கே பெரியாஸ்பத்திரி. மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காரு. நானும் வருவேன். திட்டுறதுன்னா வண்டியில உக்காந்து திட்டு."

கதிரவன் முகம் வெளுத்தது. "சொல்ல மாட்டேன்னியேண்ணே."

குரு அவன் கையைப் பார்த்தார். ஈரக் கயிற்றை அவன் இன்னும் விடவில்லை.

"நீ ஏம்ப்பா ஓடி வந்த?"

"அண்ணன் கத்துனாரு."

"இப்ப உனக்காகக் கத்துறான்."