மாயழகு எழுதிய இங்கிலீஷ் பரீட்சை

சாய்ஞ்சாம்பட்டிக்காரர்கள் பொய்யே பேசமாட்டார்கள். அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமல்லவா!

அந்த ஊர் மாயழகுக்குச் செண்பகம் என்றால் உயிர். அவள் அப்பா வீரணனோ, "இங்கிலீஷ் பரீட்சையில பாஸ் பண்ணு, பொண்ணைத் தர்றேன். ஃபெயிலானா இந்தத் தெருப்பக்கமே வராதே" என்று சொல்லிவிட்டார். பாவம், பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் பூவலிங்கத்தையும் சடையாண்டியையும் இழுத்துக்கொண்டு எஸ்தர் டீச்சரிடம் போய்ச் சேர்ந்தான்.

டீச்சர் பிரசன்ட் கன்டினியூயஸ் நடத்தினார். "இந்த நிமிஷம் நடந்துக்கிட்டிருக்கிற காரியத்துக்குத்தான் 'இஸ்' போட்டு 'இங்' போடணும். நடக்காததுக்குப் போட்டா தப்பு. மார்க் கிடையாது."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

பரீட்சை நாளும் வந்தது. பத்து வாக்கியங்களை இங்கிலீஷில் எழுதவேண்டும். முதல் வாக்கியம்: 'பசு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.' மாயழகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். பசுவைக் காணோம்.

"இல்லாத பசு குடிக்குதுன்னு எப்படிடா எழுதுறது?"

"எழுதினா தப்புன்னு டீச்சரே சொன்னாங்களே" என்றான் சடையாண்டி.

உடனே பசு வந்தது, வாளியும் வந்தது. டீச்சர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டார். பசு குடிக்கக் குடிக்க மூவரும் எழுதினார்கள். பூவலிங்கம் பாதியில் இருக்கும்போது அது தலையைத் தூக்கிவிட்டது.

"அழிடா! இப்ப அது பொய்!" என்று மாயழகு அலறினான். மறுபடி பசுவின் தலையை வாளிக்குள் அமுக்கினார்கள்.

மழை பெய்துகொண்டிருக்க வேண்டிய வாக்கியத்துக்குச் சடையாண்டி கூரைமேல் ஏறி, ஓட்டைப் பிரித்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். குழந்தை தூங்க வேண்டியதற்குப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வாங்கிவந்து தாலாட்டினார்கள். குழந்தை முழித்துக்கொண்டே கிடந்தது. பூவலிங்கம் தூங்கிவிட்டான்.

"இவனைக் குழந்தைன்னு எழுதலாமா?"

சடையாண்டி வெகுநேரம் யோசித்தான். "அவங்கம்மாவுக்கு இவன் குழந்தைதானே!"

அப்படியே எழுதினார்கள்.

பத்தாவது வாக்கியம்: 'திருடன் ஓடிக்கொண்டிருக்கிறான்.' ஊரில் திருடனே கிடையாது! ஒரு வாக்கியத்தில் செண்பகம் கைவிட்டுப் போவதா?

"சடையாண்டி, என் பேப்பர்லயும் நீயே எழுதிடுடா!" என்றவன், டீச்சரின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

"டேய் திருட்டுப்பயலே!" என்று டீச்சர் கத்தினார்.

"டீச்சரே சொல்லிட்டாங்க" என்று சடையாண்டி நிம்மதியாக எழுத ஆரம்பித்தான்.

ஊரே துரத்தியது. வீரணன்தான் முதலில் பக்கத்தில் வந்து சேர்ந்தார். "நில்லுடா!"

"நின்னா பத்தாவது விடை தப்பாயிடும் மாமா! அப்புறம் செண்பகத்தைத் தருவீங்களா?"

வீரணனுக்கு நியாயமாகத்தான் பட்டது. கூடவே ஓடிக்கொண்டு கேட்டார். "எதுவரைக்கும் ஓடணும்?"

"டீச்சர் திருத்தி முடிக்கிறவரைக்கும்!"

பின்னால் மூச்சிரைக்க வந்த டீச்சர், "பையைக் குடுடா பாவி! திருத்துற பேனா அதுலதான் இருக்கு!" என்றார்.

"குடுக்கிறதுக்கு நிக்கணுமே டீச்சர்!"

"நிக்காதே மாப்பிள்ளை, ஓடு!" என்று வீரணன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த வாரமே கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டார். முகூர்த்தம்: காலை ஒன்பது மணி. இடம்: அந்நேரம் மாப்பிள்ளை போய்க்கொண்டிருக்கும் ஊர்.